பெட்டிக்குள் அடைபட்ட காற்று

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் பள்ளிக்கூட செட்டின் போன் குழுவில் எல்லோருமே வானிலை நிபுணர்கள்தான். ஒருத்தி செயற்கைக்கோள் படம் போடுவாள். ஒருத்தன் சிவப்பும் மஞ்சளுமாகச் சுழலும் வரைபடம் போடுவான். யாராவது "நாளைக்கு லீவா" என்று கேட்பார்கள். லீவு விடும் வயதை நாமெல்லாம் எப்போதோ தாண்டியாகிவிட்டது என்பது கேட்டவருக்கு நினைவிருக்காது. இந்த அமளியில் நான் மட்டும் ஏன் வாயே திறப்பதில்லை என்று போன வாரம் ஒருத்தி கேட்டிருந்தாள். எனக்குப் பயம். கேளம்பாக்கத்தில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறேன், தண்ணீர் என்னை என்ன செய்துவிடும்? நான் பயப்படுவது மழைக்கு அல்ல. ஒரு வட்டக் கண்ணாடிக்குள் ஒரு முள் சத்தமில்லாமல் இடப்பக்கம் இறங்குமே, அதற்கு.

அந்தப் பெட்டியை உங்களில் பாதிப் பேர் பார்த்திருக்கிறீர்கள். எங்கள் குவார்ட்டர்ஸ் ஹாலில், டிவிக்கு மேலே, கோயில் கதவுபோலப் பளபளவென்று தொங்கிக்கொண்டிருக்கும். "உங்க வீட்ல சாமிய ஏன் டிவி மேல வெச்சிருக்கீங்க" என்று உங்களில் ஒருத்தன் கேட்டதும் எனக்கு ஞாபகமிருக்கிறது.

அது சாமி இல்லை. அப்பா தன் கையால் செய்த வானிலை நிலையம்.

அப்பாவின் உத்தியோகம் உங்களுக்குத் தெரியும். நம் அப்பாக்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய அதே அணு ஆராய்ச்சி வளாகத்தில்தான் வேலை, அதே பஸ்ஸில்தான் போவார்கள். எங்கள் அப்பாவின் பிரிவுக்கு ஒரே ஒரு கவலை: கசிவு. அங்கே கண்ணாடிப் பெட்டிகள் இருக்குமாம், ரப்பர் கையுறை வழியாகத்தான் கையை உள்ளே விட முடியுமாம். அவற்றில் ஊசிமுனை அளவுகூடக் காற்று கசியாமல் பார்த்துக்கொள்வது அப்பாவின் பொறுப்பு. அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. குக்கரின் ரப்பர் வளையத்தை வாரம் ஒருமுறை விரலால் தடவிப் பார்ப்பார். என் டிபன் பாக்ஸைத் தண்ணீருக்குள் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று சோதிப்பார். சாம்பார் ஒருநாளும் என் பையில் ஒழுகியதில்லை. ஆனால் மத்தியானம் மூடியைத் திறக்க எனக்கு எப்போதும் ஓர் ஆள் வேண்டியிருந்தது.

நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தபோது சென்னையில் ஒரு பழைய சாமான் கடையில் அப்பாவுக்குக் காற்றழுத்தமானி ஒன்று கிடைத்தது. பித்தளையில் செய்த வட்டமான கருவி. காற்றின் அழுத்தம் ஏறினால் முள் வலப்பக்கம் போகும், நல்ல வானிலை. இறங்கினால் இடப்பக்கம், மழை. இன்னும் இறங்கினால் புயல். வாங்கி வந்த இரண்டாம் மாதமே பித்தளையில் பச்சையாய்ப் பூத்துவிட்டது. நம் கடற்கரை உப்புக்காற்று எதைத்தான் விட்டுவைத்தது? ஜன்னல் கம்பியையே தின்ற காற்று அது.

"இதுக்கு ஒரு வீடு கட்டணும்ட்டீ" என்றார் அப்பா என்னிடம். திருநெல்வேலியை விட்டு வந்து இத்தனை வருஷமாகியும் அவர் பேச்சு இந்தப் பக்கத்துக்கு மாறவே இல்லை. "உப்பு உள்ள போகாத வீடு."

மரம் கொண்டுவந்து கொடுத்தது நம் ஸ்கூல் வேன் டிரைவர். வண்டியைச் சர்வீஸுக்கு விடச் செங்கல்பட்டு போகும்போதெல்லாம் மரம் அறுக்கும் மில்லில் துண்டுக்கட்டைகளைப் பொறுக்கி, நாம் உட்காரும் சீட்டுக்கு அடியில் போட்டுக்கொண்டு வருவார். அதில் கால் இடித்துக்கொண்ட உங்கள் எல்லோரிடமும் இப்போதாவது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

"இன்னா சார் இது, கருப்பா கீது, இரும்பு மாதிரி வெயிட்டு. வெறகோட வெறகா போட்டு வெச்சிருந்தான்."

"இது ஈட்டி மரம்ப்பா. இதைப் போய் விறகுல போடுவானா?"

"அவனுக்கு இன்னா தெரியும். ரெண்டு டீ வாங்கிக் குட்த்து தூக்கினு வந்தேன். ஆமா, இத்த வெச்சு இன்னா சார் பண்ணப்போறீங்கோ?"

"மழை வருமா வராதான்னு சொல்லப்போகுது."

"டிவில சொல்றதே நடக்க மாட்டேங்குது. கட்டையா சொல்லப்போவுது?" என்று சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

அந்தக் கோடை முழுதும் எங்கள் பால்கனியில் மரத்தூள்தான். உடம்புக்குத் தேக்கு. முகப்பில் ஒரு காட்சி: மஞ்சள் கடம்பில் கதிர் விரித்த சூரியன், ஈட்டியில் கருமேகம், வேங்கையும் பூவரசும் மாற்றி மாற்றி ஒட்டிய அலைகள். பட்டைகளை அப்பா அட்டை கனத்துக்குச் சீவி, வளைத்து, பசை காயும்வரை என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார். ஈட்டியைச் சீவும்போது ஒரு வாசனை வரும், பன்னீரும் மிளகும் கலந்ததுபோல. கடம்பு கசக்கும், நக்கிப் பார்த்துத்தான் சொல்கிறேன். கருவியின் முகப்பில் இருந்த ஆங்கில வார்த்தைகளுக்கு மேலே தமிழ் எழுத்துகளை நூல்போன்ற ரம்பத்தால் மரத்தில் அறுத்து ஒட்டினார்: புயல், மழை, மாற்றம், தெளிவு. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பொட்டலத்தால் பூசப் பூச, மரத்துக்குள்ளிருந்து வெளிச்சம் வருவதுபோல் ஆயிற்று. மொட்டைமாடியில் கம்பி நட்டு, அதன்மேல் பலாமரத்தில் செதுக்கிய ஒரு மீன். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் மூக்கைத் திருப்பும். திரும்பும்போது கிறீச்சிடும். அந்தச் சத்தம் எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

கடைசி வேலை, மூடுவது. வெப்பமானியை அப்பா பெட்டிக்கு வெளியே பதித்தார். பித்தளைக் கருவிக்கு மட்டும் தனி அறை. உள்ளே மூன்று பூச்சு வார்னிஷ், கண்ணாடி விளிம்பில் ரப்பர் வளையம், மூலைகளில் எல்லாம் சிலிக்கான் பசை. பின்னால் ஒரு சைக்கிள் டியூப் வால்வை வைத்து பம்பால் கொஞ்சம் காற்றடித்தார். நான் சோப்பு நுரையைப் பிரஷ்ஷால் இணைப்புகளில் தடவிக் குமிழி தேடினேன். தேடித் தேடிப் பார்த்தும் ஒன்றுகூட இல்லை. அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "பிள்ளை பிறந்தாக்கூட இப்படித் துள்ளமாட்டாரு போல" என்றாள். அப்போது அவள் வயிற்றில் தம்பி இருந்தான்.

பெட்டி அருமையாக வேலை செய்தது. வெயில் கொளுத்திய வைகாசியில் முள் தெளிவில் நின்றது. ஆடியில் ஒரு மாலை திடீரென்று குளிர்ந்து மழை கொட்டியது. முள் மழைக்கு இறங்கியிருந்தது. அப்பா பக்கத்து வீடுகளை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

ஐப்பசியில் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்தது. அடைபட்டிருந்த ஈரம்தான். அப்பா திறந்து துடைத்துவிட்டு, ஈரம் தங்காமலிருக்க உள்ளே ஒரு சின்ன ஜீரோ வாட்ஸ் பல்பைப் பொருத்தி, ஒயர் நுழையும் துளையையும் பசையால் அடைத்தார். பல்பு எரிந்ததும் மரச்சூரியனுக்குப் பின்னாலிருந்து நிஜமாகவே விடிந்ததுபோல் இருந்தது. முள் நகர்ந்து தெளிவுக்குப் போனது. தற்செயலாக அன்று வானமும் வெளுத்தது. அதிலிருந்து அந்த பல்பு அணைந்து நான் பார்த்ததில்லை.

கார்த்திகையில்தான் அந்த நாள் வந்தது.

தம்பி வயிற்றில் குறுக்கே கிடந்தான். தலை கீழே திரும்பவில்லை. வலி எடுத்தால் ஆபரேஷன் செய்தாக வேண்டும், முன்கூட்டியே செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்துவிடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அம்மா பையைக் கட்டிக் கதவோரம் வைத்துவிட்டாள். டிவியில் கடலில் ஏதோ சுழல்கிறது என்று சொல்ல ஆரம்பித்ததிலிருந்து அவள் அப்பாவைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"ஏங்க, போயிருவோமே."

"தேதிக்கு இன்னும் நாள் கிடக்குல்லா. இந்த ரோட்டுல உன்னைக் குலுக்கிக்கிட்டுப் போயி, அங்க வராண்டாவுல எத்தனை நாள் உக்காந்திருக்க? இவனுவ மாசம் ஒரு புயல் சொல்லுதான். முள்ளப் பாரு. தெளிவுல நிக்கி."

"மழை பேய்ஞ்சுக்கிட்டு இருக்குங்க."

"இது சும்மா பருவமழை. புயல்னா காத்து எடை குறையணும். குறையவே இல்லையே."

நான் இருவருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே வானம் ஈயப் பாத்திரத்தின் அடிபோல இருந்தது. சவுக்குமரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து, நிமிராமலே நின்றன. கடல் எங்கள் வீட்டிலிருந்து தெரியாது, அன்று கேட்டது. மாடியில் மீன் நிற்காமல் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. உள்ளேயோ மரச்சூரியன் ஒளிர, முள் அசையாமல் 'தெளிவு' என்றது. எதை நம்புவது என்று தெரியாமல் வரும் பயம் இருக்கிறதே, அது வேறு மாதிரி. வயிற்றுக்குள் ஏதோ குறுக்கே கிடப்பதுபோல.

மத்தியானச் சோறு யாருக்கும் இறங்கவில்லை. வாசலில் எங்கோ பட்டென்று பொறி பறந்த சத்தம். அம்மா எழுந்து போய் மெயினை அணைத்துவிட்டு வந்தாள்.

"ஒயரு ரெண்டும் உரசுது. மெயினை அமத்திட்டேன்" என்றாள்.

டிவி நின்றது. மின்விசிறி நின்றது. சூரியன் இருண்டது. அப்பாவுக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. இருட்டில் காற்றின் சத்தம் இன்னும் பக்கத்தில் வந்துவிட்டது.

முதலில் பார்த்தது நான். "அப்பா, முள்ளு."

அது இறங்கிக்கொண்டிருந்தது. குதிக்கவில்லை, ஆடவில்லை. கடிகாரத்தின் பெரிய முள்போல, பார்க்கும்போது அசையாமல், கண்ணை எடுத்துத் திரும்ப வைத்தால் தள்ளி இருந்தது. தெளிவிலிருந்து மாற்றத்துக்கு. மாற்றத்திலிருந்து மழைக்கு. அப்பா டார்ச்சை அடித்தபடி கண்ணாடியில் விரலால் தட்டினார். தட்டத் தட்ட அது இன்னும் கொஞ்சம் போனது. டார்ச் வெளிச்சம் 'புயல்' என்ற எழுத்தின்மேல் நடுங்கியது, அந்த வார்த்தையே துடிப்பதுபோல. முள் அதைத் தொட்டது, தாண்டவும் செய்தது.

"இப்படி விழுந்து நான் பாத்ததே இல்லை" என்றார் அப்பா. குரல் அவருடையதாக இல்லை. "நம்ம தலைக்கு நேராத்தான் வருது."

அதற்குப் பிறகு அவர் ஓடிய ஓட்டம். போனில் டிரைவரைப் பிடித்து, கெஞ்சி, திட்டி, வேனை வாசலுக்கு வரவைத்துவிட்டார். நம் ஸ்கூல் வேனின் நீள சீட்டில் அம்மாவைப் படுக்கவைத்தோம். நான் கீழே உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இந்தக் காத்துல வண்டி எடுக்க சொல்றியே சார், உனக்கே நாயமா கீதா?"

"நீ எடுப்பா. நின்னா செத்தோம்."

சதுரங்கப்பட்டினம் தாண்டியதும் வழியெல்லாம் ஒடிந்த பனைமட்டைகள். ஒரு டீக்கடையின் தகரம் சாலையின் குறுக்கே எங்களுக்கு முன்னால் நடந்து போனது, அவசரமே இல்லாமல். திருக்கழுக்குன்றம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி நின்றது. ஏரி நிரம்பி, உபரிநீருக்கான கலங்கல் வழியாக வழிந்த தண்ணீர் சாலைமேல் ஓடிக்கொண்டிருந்தது. செம்மண் நிறத்தில், நுரைத்துக்கொண்டு. சாலையின் ஓரம் எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. ஒரு முள்ளிச்செடி வேரோடு சுழன்றபடி எங்களைக் கடந்து போனது.

டிரைவர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அவ்ளோதான் சார். ரிவர்ஸ் எட்த்துக்கிறேன். இதுல எறங்கினா வண்டிய தூக்கினு பூடும்."

"திரும்பிப் போனா அங்கதான்ப்பா வந்து அடிக்கப்போகுது. முள்ளப் பாத்தேன் நான். நீ பாக்கலை."

"உன் முள்ளு இங்க இன்னா சார் பண்ணும்? தண்ணி ஓடிகினு கீது, கண்ணு தெரிலயா?"

இருவரும் கத்த ஆரம்பித்தார்கள். கண்ணாடியில் மழை கல்லெறிவதுபோல் விழுந்தது. பின்னால் ஏதோ மரம் முறியும் சத்தம் கேட்டது. எனக்கு மூத்திரம் வந்துவிட்டது, சொல்லவும் தெரியவில்லை. டிரைவர் சட்டென்று திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

"அக்கா, நீ சொல்லு. படுத்துகினு கீறது நீ. போலாமா, திரும்பலாமா?"

அம்மாவின் உதடு ஒருமுறை பிரிந்து மூடிக்கொண்டது. கண்ணை மூடியிருந்தாள். என் விரல்களை அவள் நெரித்த நெரிப்பில் எலும்பு வலித்தது. வலி எடுத்துவிட்டதோ என்று நான் அவள் வயிற்றைப் பார்த்தேன்.

"போங்க" என்றாள்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பாதையோரத்தில் கிடந்த ஒரு கழியை எடுத்துச் சாலையின் விளிம்பைக் குத்திக் குத்திப் பார்த்தபடி முன்னால் நடந்தார். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, தொடைக்கு வந்தது. வேன் அவர் முதுகைப் பார்த்து ஊர்ந்தது. நடுவில் வண்டியின் பின்பக்கம் லேசாக மிதந்து ஒரு சாண் நகர்ந்தது. "யம்மா" என்று டிரைவர் முனகியது கேட்டது. அப்பா ஒருமுறை வழுக்கி இடுப்புவரை போனார். முகம் திரும்பியபோது வாயைத் திறந்து ஏதோ சொன்னார், காற்று கொண்டுபோய்விட்டது. பிறகு மெல்ல மெல்ல அவர் கால்கள் தெரிந்தன. முழங்கால், கணுக்கால், செருப்பில்லாத பாதம்.

அன்று மாலையே அந்த ஏரிக்கரை உடைத்துக்கொண்டு போனது. பல நாள் அந்தச் சாலையில் எதுவும் போகவில்லை. மறுநாள் காலை அம்மாவுக்கு வலி எடுத்து, ஆபரேஷன் ஆகித் தம்பி பிறந்தான். புயல் எங்கள் தலைக்கு நேரே வரவில்லை, தெற்கே தள்ளித்தான் கரையேறியது. அதனால் என்ன? முள் சொன்னது, நாங்கள் பிழைத்தோம். அப்பா இன்றும் யார் வந்தாலும் சொல்வார். தம்பியைக் காட்டிச் சொல்வார்.

பிளஸ் ஒன்னில் பௌதிக வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு உண்மை உறைத்தது. மூடிய பாத்திரத்துக்குள் காற்று சூடானால் அழுத்தம் ஏறும், ஆறினால் இறங்கும். வெயிலில் நிறுத்திய சைக்கிள் டயர் விண்ணென்று ஆகிறதே, அதேதான். அப்பா ஒரு குமிழிக்கும் இடமில்லாமல் அடைத்த பெட்டிக்குள் வெளிக்காற்று போகவே இல்லை. அந்த முள்ளுக்கு ஊர்க்காற்றைப் பற்றி ஒன்றுமே தெரியாது. கோடையில் வெயிலைச் சொன்னது, ஆடியில் குளிர்ச்சியைச் சொன்னது, அதன்பிறகு பல்பைச் சொன்னது. மெயின் அணைந்தது, பல்பு அணைந்தது, பெட்டி ஆறியது, முள் விழுந்தது. கசிவே பாவம் என்று பழகிய ஒரு மனிதரால் மட்டும்தான் காற்றை அளக்கும் கருவியைக் காற்றே புகாமல் மூட முடியும்.

இதை அப்பாவிடம் நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது பெட்டியில் அலைகள் உரிந்து, சூரியன் இரண்டாகப் பிளந்திருந்தது. லாரியில் ஏற்றினோமா, விட்டுவிட்டோமா என்பதுகூட இன்று யாருக்கும் நினைவில்லை. ஆனால் அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நடுக்கம் வரும். அன்று வாசலில் ஒயர் உரசாமல் இருந்திருந்தால்? அம்மாவுக்கு மெயினை அணைக்கத் தோன்றாமல் போயிருந்தால்? ஒரு தற்செயலில் அல்லவா இரண்டு உயிர் தொங்கியது.

போன மாதம் இங்கே மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், அம்மா என் சமையலறையில் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். அடக்க முடியாமல் அவளிடம் கொட்டிவிட்டேன். டயர், பல்பு, அழுத்தம், எல்லாம். மூச்சுவிடாமல், வகுப்பு எடுப்பதுபோல.

அவள் நாரை உரித்துக்கொண்டே கேட்டாள். "டயரு கியரெல்லாம் எனக்குத் தெரியாது. பல்பை அமத்துனா அது இறங்கும்னு தெரியும்."

"எப்படிம்மா?"

"இஸ்திரி போட அந்த ஒரு பிளக்குதான இருந்துச்சு. நான் பல்பு ஒயரைப் பிடுங்கிட்டு உங்கப்பா சட்டையத் தேய்ப்பேன். தேய்ச்சு முடிக்கையில முள்ளு கீழ கிடக்கும். திரும்பச் சொருகுனா ஏறிரும். தினமும் பாக்குறதுதான."

"அப்போ அன்னைக்கு ஒயரு..."

"ஒயரு உரசுச்சு. அது நெசம். ஆனா நான் அதுக்காவ எந்திரிக்கல." ஒரு காயைப் பிளந்து, பூச்சி இருக்கிறதா என்று பார்த்தாள். "எத்தனை தடவை சொன்னேன், போவோம் போவோம்னு. பொண்டாட்டி சொன்னாக் கேக்கல. பிள்ளை குறுக்க கிடக்குன்னு டாக்டரம்மா சொன்னதக் கேக்கல. முள்ளு சொன்னாக் கேப்பாருல்லா."

"அப்பாகிட்ட எப்பவாவது சொன்னியா?"

"எதுக்கு?"

வெளியே மழை வலுத்தது. நான் கெட்டிக்காரத்தனமாகச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். "பெரிய ஆளும்மா நீ. நான்தான் சின்னப்பிள்ளை, அந்த முள்ளப் பாத்து இத்தனை வருஷமா பயந்துக்கிட்டுக் கிடக்கேன். நீ அன்னைக்குக் கொஞ்சங்கூடப் பயப்படல."

அம்மாவின் கை நின்றது.

"அந்தக் கலங்கல்ல டிரைவரு என்னையக் கேட்டாருல்லா, போவமா திரும்புவமான்னு. உங்கப்பாவுக்கு முள்ளு துணை. உனக்கு உங்கப்பா துணை. முள்ளு பொய்னு அந்த வண்டியில எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். தண்ணி பொய்யில்ல. திரும்பிருவோம்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. சொன்னா, முள்ளு அவ்வளவு இறங்கிருக்கு, ஏன் திரும்பணும்னு கேப்பாரு. என்னன்னு சொல்ல?"

"வண்டி இழுத்துக்கிட்டுப் போயிருந்தா?"

"போயிருந்தா," என்றாள் அம்மா, "உங்கப்பா முள்ளத்தான் குத்தம் சொல்லிருப்பாரு. நான் செஞ்சதுன்னு ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது."

அவரைக்காயை அலசி அடுப்பில் வைத்தாள். மழை விடும்வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.